நின்றுபோன ஓட்டோமற்றிக் காரை நகர்த்துமுன்...

மலைநாட்டுக் குளிரைச் சிறிது அனுபவித்து வரலாமென்று சென்ற வருடப் பாடசாலை விடுமுறையில் நாங்கள் இரு குடும்பத்தினரும் நுவரெலியாவுக்குச் சென்றிருந்தோம். நாங்கள் தங்கிய வீடு ஒரு மேட்டின்மீது இருந்தது. முற்றத்திலிருந்து தெரு வாயில் வரை சரிவான பாதை; ஏறத்தாழ 30 மீற்றர் நீளம். அத்தானின் கார் அச்சரிவின் மேல் முனையில், முகம் கீழ்நோக்கியபடி நின்றது. யப்பானில் ஓடிப் பின்பு இங்கு இறக்குமதியான ஓட்டோமற்றிக் கார் அது.

ஊர் திரும்பவேண்டிய காலையில் காரில் உயிர் இல்லை. பின்கதவு சரியாகச் சாத்தப்படாமல் உள்விளக்கு இரவு முழுவதும் எரிந்திருக்கிறது. பற்றரி சத்தற்றுப் போயிற்று. திறப்பைத் திருப்பினால் ஒரு முனகல் கூட இல்லை. கியர்த் தண்டோ ‘பார்க்’ என்னும் நிலையைவிட்டு அசைய மறுத்தது.

பல்கலைக்கழகத்திற் படிக்கும் என் மருமகன் கெட்டிக்காரன். “கியர்த் தண்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு துவாரம் உண்டு, மாமா. அதனுள் திருப்புளியை விட்டு அழுத்தினால் பூட்டு விட்டுவிடும். பின்பு எல்லாரும் தள்ளிக்கொண்டு கீழே போகலாம், ஓட்டத்தில் ஸ்ராட்டாகிவிடும்” என்றான். தெருவில் வரும் வாகனங்களை நிறுத்துவதற்காகச் சிறுவர்கள் மூவரையும் வாயிலில் நிற்கும்படி அனுப்பினோம். மருமகன் திருப்புளியுடன் காருக்குள் குனிந்தான்.

அப்பொழுது பக்கத்து வளவில் மரக்கறி லொறியொன்றைத் துடைத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் வேலியருகே ஓடிவந்தார். “தம்பி, கையை எடுங்கள்! பூட்டைத் திறக்கப் போகிறீர்களே. திறந்த பிறகு இதைப் பிடிக்கப் போவது யார்?” என்று கேட்டார்.

எங்களில் எவரிடமும் அக்கேள்விக்கு விடை இருக்கவில்லை. கைப்பிறேக் போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்தோம். இல்லை. “பார்க்கில் விட்டால் போதும் என்றுதான் இவ்வளவு காலமும் இருந்தேன்” என்றார் அத்தான். சரிவின் அடியில் வாயிலருகே எங்கள் பிள்ளைகள் மூவரும் கைகோத்து நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்த முதியவரின் கேள்வியே இக்கட்டுரையின் பொருளாகும். இன்று நம் நாட்டு வீதிகளில் ஓடும் கார்களுட் பெருந்தொகையானவை ஓட்டோமற்றிக் வண்டிகள். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி, 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆதலின் பல வீடுகளில் முதுமையடைந்த கார்களே உழைக்கின்றன. பற்றரி சோர்வதும், சுவிற்ச் பழுதடைவதும், கியர்த் தண்டு இறுகி நிற்பதும் இவற்றில் எந்நேரமும் நிகழக்கூடியன.

ஒரு சிறு பல்லின் மீது முழுக் காரும்

‘பார்க்’ நிலையிற் கார் எதனால் நிற்கிறது? பலர் அதனைப் பிறேக்கின் ஒரு வகையென்றே எண்ணுகிறார்கள். அஃது அவ்வாறன்று. கியர் பொக்ஸின் உள்ளே, சில்லுகளோடு இணைந்து சுழலும் பாகத்தில் பற்களுள்ள ஓர் உருக்குச் சக்கரம் இருக்கிறது. அதன் அருகே விரல்போன்ற உருக்குத் துண்டொன்று பொருத்தப்பட்டுள்ளது. கியர்த் தண்டை ‘பார்க்’கிற்குத் தள்ளும்போது, அவ்விரல் சக்கரத்தின் இரு பற்களுக்கிடையே விழுந்து அதனைச் சுழலவிடாது தடுக்கிறது. கதவுக்குக் கொண்டி எப்படியோ, காருக்கு அவ்விரல் அப்படி.

சமதரையில் அதற்கு வேலையே இல்லை. சரிவிலோ நிலைமை வேறு. எட்டடி தூரத்துக்கு ஓரடி இறங்கும் ஒரு பாதையில் 1,200 கிலோகிராம் எடையுள்ள கார் நிற்பதாக வைத்துக்கொள்வோம். அதனைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை ஏறக்குறைய 150 கிலோகிராம் பாரத்துக்குச் சமம். அதாவது மூன்று மூட்டை சீமெந்தின் சுமை. கைப்பிறேக் போடாவிட்டால் இவ்வளவையும் அச்சிறு விரலே தாங்குகிறது. அதனாலேயே சரிவில் நிறுத்திய காரின் கியர்த் தண்டு இறுகிவிடுகிறது. வலிந்து இழுத்தால் ‘டக்’ என்ற ஓசையுடன் வெளிவருகிறது. பற்களுக்கிடையே நசுங்கிக் கிடந்த விரல் விடுபடும் ஓசையே அது.

விடுபட்ட கார் என்ன செய்யும்? அதே சரிவில் 10 மீற்றர் உருண்டவுடன் அதன் வேகம் மணிக்கு 15 கிலோமீற்றரையும் கடந்துவிடும். எஞ்சின் ஓடாத காரில் பிறேக் மிதிக்குக் கிடைக்கும் துணைவிசை இரண்டொரு மிதிப்போடு தீர்ந்துபோகும். பின்பு மிதி கல்லைப்போல் இறுகிவிடும். பிறேக் அப்பொழுதும் வேலை செய்யும். ஆனால் உடற்பலம் முழுவதையும் காலிற் செலுத்தி மிதிக்கவேண்டும். ஸ்ரியறிங்கும் அவ்வாறே கனத்துப்போகும். இதை அறியாத ஒருவர் ஆசனத்தில் இருந்தால், “பிறேக் அறுந்துவிட்டது” என்று கூவிக்கொண்டே கீழே போகவேண்டியதுதான்.

அன்றியும், ஓட்டோமற்றிக் காரைத் தள்ளி ஸ்ராட் செய்ய இயலாது. சாதாரண கியர் வண்டியிற் சில்லு சுழன்றால் எஞ்சினும் சுழலும். ஓட்டோமற்றிக்கிலோ எஞ்சினுக்கும் கியர் பொக்ஸுக்கும் இடையே எண்ணெயின் மூலமே தொடர்பு ஏற்படுகிறது. அவ்வெண்ணெய்க்கு அழுத்தங் கொடுக்கும் பம்பை இயக்குவது எஞ்சின். எஞ்சின் நின்றிருக்கும்போது அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லையேல் தொடர்பும் இல்லை. ஆகவே, எங்கள் மருமகனின் திட்டம் பலித்திருந்தாற்கூடக் கார் உருண்டிருக்குமேயன்றி உயிர்பெற்றிராது.

இந்தப் பூட்டு எதற்காக?

“பிறேக்கை மிதித்தாலன்றிக் கியர்த் தண்டு அசையாது என்று இவர்கள் ஏன் பூட்டினார்கள்?” என்று சிலர் சலித்துக்கொள்வதுண்டு. அப்பூட்டுக்கு ஒரு வரலாறு உண்டு.

அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் தன் 1940ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் ‘ஹைட்ரமற்றிக்’ என்ற கியர் பொக்ஸைப் பொருத்தி விற்றது. பெருந்தொகையாகச் செய்யப்பட்ட முதலாவது முழு ஓட்டோமற்றிக் அதுவே. அதில் ‘பார்க்’ என்று தனியான நிலை இருக்கவில்லை. எஞ்சினை நிறுத்தித் தண்டை ‘றிவேர்ஸில்’ விட்டால் கார் பூட்டப்படும். ‘பார்க்’ என்ற தனி இடம் பின்பே வழக்கத்துக்கு வந்தது. அக்காலத்துக் கார்களில் பிறேக்கைத் தொடாமலே தண்டை நகர்த்தலாம்.

1986ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று, ஜேர்மனியத் தயாரிப்பான அவுடி 5000 என்னும் கார் தானாகவே பாய்ந்து ஆட்களை மோதுகிறதென்ற முறைப்பாடுகளைப் பெரிதாக வெளியிட்டது. மக்கள் அஞ்சினர். அந்நாட்டு அரசாங்கத்தின் வீதிப் பாதுகாப்புத் திணைக்களம் ஆராய்ந்து 1989இல் அறிக்கை வெளியிட்டது. பிறேக் என்றெண்ணிச் சாரதிகள் வேகமிதியை அழுத்தியமையே அத்தகைய விபத்துகளுட் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் என்பது அதன் முடிவு. அதற்கு முன்பே, 1987இல், காற்பாதம் பிறேக்கின் மீது இருந்தாலன்றித் தண்டு ‘பார்க்’கை விட்டு நகராதபடி பூட்டொன்றை அக்கார்களிற் பொருத்தத் தொடங்கிவிட்டனர். ஏனைய நிறுவனங்களும் அவ்வழியைப் பின்பற்றின. காரில் தனியே விடப்பட்ட குழந்தைகள் கியர்த் தண்டை இழுத்து உயிர்ச்சேதம் ஏற்படுவதைத் தடுக்கும்பொருட்டு, 2010 செப்டெம்பர் முதல் அமெரிக்காவில் விற்பதற்காகச் செய்யப்படும், ‘பார்க்’ நிலையுள்ள ஓட்டோமற்றிக் கார்கள் அனைத்துக்கும் அது சட்டப்படி கட்டாயமாயிற்று.

‘பார்க்’கில் இருக்கிறதென்று நம்பிக் காரைவிட்டு இறங்குவதும் ஆபத்தானதே. ‘ஸ்ரார் ட்ரெக்’ திரைப்படங்களில் நடித்த அன்ரன் யெல்ச்சின் என்னும் இளம் நடிகர், 2016 யூன் 19ஆந் திகதி தமது வீட்டின் சரிவான பாதையிற் காரை நிறுத்தி இறங்கினார். கார் பின்னோக்கி உருண்டு அவரை மதிற்றூணோடு நெரித்தது. வயது 27. கியர்த் தண்டு எந்நிலையில் நிற்கிறதென்பதைச் சாரதி எளிதில் அறிய முடியாத அமைப்பைக் கொண்டதென்று அதற்கு இரு மாதங்களுக்கு முன்னரே திருத்தத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட கார் வகையைச் சேர்ந்தது அது.

எனவே, நாம் திருப்புளியால் அழுத்தி விடுவிக்கும் பூட்டு, பல விபத்துகளின் பின் வைக்கப்பட்ட காவல். காவலை நீக்குமுன் அதன் இடத்தில் வேறு காவல் வைத்தல் முறையன்றோ?

செய்யவேண்டிய ஒழுங்கு

முதலாவது, நிலத்தைப் பாருங்கள். கார் நிற்பது சரிவு என்றால், அதுவும் எஞ்சின் ஓடாத நிலையில், பூட்டைத் திறக்கும் எண்ணத்தையே விட்டுவிடுவது நன்று. ‘பார்க்’கிலேயே இருக்கட்டும், பற்றரிக்கு மின் கொடுக்கவோ, மீட்பு லொறியை அழைக்கவோ வழி பாருங்கள். கீழே சொல்லப்படுபவை பெரும்பாலும் சமதரைக்கு உரியன.

இரண்டாவது, கைப்பிறேக்கை முழுவதும் இழுத்துப் போடுங்கள். சில கார்களில் அது காலால் அழுத்தும் மிதியாக இடப்பக்கத்தில் இருக்கும். அதன்பின் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். கார் எப்பக்கம் உருளக்கூடுமோ அப்பக்கத்திற் கட்டை இருக்கவேண்டும். ஐயமிருந்தால் இருபக்கமும் வையுங்கள். உருண்டைக் கல் உதவாது. ஆப்புப்போற் சரிவான மரக்கட்டையே சிறந்தது.

மூன்றாவது, காரின் முன்னும் பின்னும் எவரும் நிற்கலாகாது. குறிப்பாகக் குழந்தைகளைத் தூரத்தில் ஒரு பெரியவரின் பொறுப்பில் விடுங்கள்.

நான்காவது, பிறேக்கை மிதித்து, பின்னாலுள்ள சிவப்பு விளக்குகள் எரிகின்றனவா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இது மிகவும் பயனுள்ள சோதனை. பிறேக்கை மிதித்ததும் அவ்விளக்குகளை எரியச் செய்யும் சுவிற்ச்சின் செய்தியைக் கொண்டே பொதுவாகக் கியர்ப் பூட்டும் திறக்கிறது. மற்றைய விளக்குகள் எல்லாம் எரிந்து, பிறேக் விளக்கு மட்டும் எரியாதிருந்தால், குறை அச்சுவிற்ச்சிலோ அதற்குரிய பியூஸிலோ இருக்கக்கூடும். பியூஸை மாற்றினாலே காரியம் முடிந்துவிடலாம். எந்த விளக்குமே எரியாவிட்டால் பற்றரியே காரணம்.

ஐந்தாவது, திறப்பை ஸ்ரியறிங் பூட்டு விடுபடும் நிலைக்குத் திருப்பி, அங்கேயே விட்டுவிடுங்கள். திறப்பைக் கழற்றினால் ஸ்ரியறிங் பூட்டிக்கொள்ளும். உருளும் காரைத் திருப்ப இயலாது.

இவையனைத்தும் முடிந்த பின்பே துவாரத்தைத் தேடவேண்டும். யப்பானியக் கார்கள் பலவற்றிற் கியர்த் தண்டின் அருகே ‘ஷிப்ட் லொக்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய சிறு பொத்தானோ, நகத்தளவு மூடியோ இருக்கும். ஒருவர் ஆசனத்தில் ஒழுங்காக அமர்ந்து, வலக்காலாற் பிறேக்கை அழுத்தமாக மிதித்துக்கொள்ளவேண்டும். பின்பு மூடியை நீக்கி, திருப்புளியின் நுனியால் உள்ளே அழுத்தியபடி தண்டை ‘நியூற்றலுக்கு’ நகர்த்தவேண்டும். வெளியே நின்று யன்னலூடாகக் கையை விட்டு இதனைச் செய்யவே கூடாது. பற்றரி நன்றாயிருந்து, பூட்டு மட்டுமே பழுதென்றால், பிறேக்கை மிதித்தபடி ‘நியூற்றலிலேயே’ எஞ்சினை ஸ்ராட் செய்து கராஜுக்கு ஓட்டிச் செல்லலாம்.

தண்டு அப்பொழுதும் இறுகி நின்றால் பலத்தைக் காட்டவேண்டாம். உள்ளே இருக்கும் விரலின்மீது பாரம் விழுந்திருக்கிறதென்பது பொருள். மேட்டுப்பக்கத்தில் நிற்கும் வேறொரு வாகனம் கயிற்றாற் காரைச் சிறிதளவு மேலே இழுத்தால் விரல் தளர்ந்துவிடும். கீழ்ப்பக்கத்தில் நின்றுகொண்டு தோளாற் தள்ளுவது உயிரோடு விளையாடுவதாகும்.

துவாரம் இல்லாத கார்கள்

இக்காலத்துக் கார்கள் சிலவற்றில் ‘பார்க்’ என்பது ஒரு பொத்தான் மட்டுமே. உள்ளேயிருக்கும் விரலை நகர்த்துவது சிறு மின்மோட்டார். நம் நாட்டிற் பெரிதும் பழகிப்போன டொயோற்றா பிறியஸ் போன்ற ஹைபிரிட் கார்கள் இவ்வகையின. அவற்றின் பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும், 12 வோல்ற் சிறு பற்றரி சத்தற்றுப் போனால் ‘பார்க்’ விடுபடாது. அங்கே திருப்புளிக்கு வேலையில்லை. மின் கொடுப்பதே வழி. ஐரோப்பிய, அமெரிக்கக் கார்கள் சிலவற்றில் ஆசனத்தருகே மூடியொன்றின் கீழ் அவசர இழுகயிறு வைத்திருப்பார்கள். கைநூலைப் பார்த்து இடத்தை முன்னரே அறிந்துகொள்க.

மின் கொடுப்பதற்கும் ஒழுங்கு உண்டு. சிவப்பு வயரின் ஒரு முனையைச் சத்தற்ற பற்றரியின் நேர்முனையிலும், மறுமுனையை உதவும் பற்றரியின் நேர்முனையிலும் மாட்டவேண்டும். கறுப்பு வயரை உதவும் பற்றரியின் எதிர்முனையில் மாட்டி, அதன் கடைசி நுனியை நின்றுபோன காரின் பற்றரியில் அல்லாது, அதற்கு எட்டத்திலுள்ள வர்ணம் பூசாத உலோகப் பகுதியிற் பொருத்தவேண்டும். பற்றரியிலிருந்து எரியும் வாயு கசியக்கூடுமாதலால், தீப்பொறி அதனருகே எழாதிருக்கவே இந்த ஏற்பாடு. சில நிமிடங்கள் பொறுத்திருந்து ஸ்ராட் செய்க.

சில்லு மாற்றுவோரும் கட்டியிழுப்போரும்

முன்சில்லுகளால் ஓடும் கார்களே இன்று அதிகம். அவற்றில் ‘பார்க்’ தடுப்பது முன்சில்லுகளை மட்டுமே. கைப்பிறேக் பிடிப்பது பெரும்பாலும் பின்சில்லுகளை. கைப்பிறேக் போடாமல் முன்சில்லொன்றை ஜாக்கினால் உயர்த்தினால் என்னாகும்? உயர்ந்த சில்லு அந்தரத்தில் ஒருபக்கம் சுழல, நிலத்திலுள்ள சில்லு மறுபக்கம் சுழலும். இரண்டையும் இணைக்கும் பற்சக்கரத் தொகுதியின் இயல்பு அது. ‘பார்க்’ அப்படியே இருக்கும். காரோ நகர்ந்து ஜாக்கிலிருந்து விழும்! ரயர் மாற்றும்போது சில்லுக்குக் கட்டை வையுங்கள் என்று பெரியோர் சொல்வது வெறும் சம்பிரதாயமன்று.

கட்டியிழுப்பதிலும் கவனம் வேண்டும். ‘பார்க்’கிற் பூட்டியிருக்கும் காரை அப்படியே இழுத்தால் ரயர் தேய்ந்து கிழிவதோடு, உள்ளேயுள்ள விரலும் பல்லும் உடையக்கூடும். ‘நியூற்றலில்’ இருந்தாலும், எஞ்சின் ஓடாதபோது எண்ணெய்ப் பம்பும் ஓடாதாகையால் நெடுந்தூரம் இழுத்தாற் கியர் பொக்ஸ் வெந்துபோகும். முன்சில்லுகளால் ஓடும் காரை முன்பக்கம் தூக்கி இழுக்கலாம். அவ்வாறு தூக்கிய கணமே ‘பார்க்’கின் பிடி அற்றுப்போகிறதென்பதை நினைவிற் கொள்க. ஹைபிரிட் கார்களுக்கும் நான்கு சில்லுகளாலும் ஓடுபவற்றுக்கும் முழுக் காரையும் மேலே ஏற்றிச்செல்லும் லொறியே தக்கது.

அன்று நடந்தது

முதியவர் எங்களுக்கு விரிவுரை ஒன்றும் செய்யவில்லை. முதலிற் பிள்ளைகளை மேலே அழைக்கச் சொன்னார். தம் லொறியிலிருந்து இரண்டு மரக்கட்டைகளை எடுத்துவந்து முன்சில்லுகளின் கீழ் அடித்து இறுக்கினார். அத்தானைக் கொண்டே கைப்பிறேக்கை இழுப்பித்தார். “ஐயா, உங்கள் லொறியிலிருந்து மின் எடுக்கலாமா?” என்று மருமகன் கேட்டான். “கூடாது, தம்பி. என் லொறி 24 வோல்ற். உங்கள் கார் 12. கொடுத்தால் காரின் கருவிகள் கருகிவிடும்” என்று சொல்லி, எதிர் வீட்டாரின் வானை வரவழைத்தார்.

எஞ்சின் உயிர்பெற்றது. அத்தான் பிறேக்கை மிதித்துக் கியர்த் தண்டை இழுத்தார். ‘டக்’ என்று ஓசை கேட்டது. கார் ஒரு விரற்கடை கீழே இறங்கிக் கட்டைகளின்மீது சாய்ந்து நின்றது. ஒரு விரற்கடைதான். கட்டையும் பிறேக்கும் இன்றிப் பூட்டைத் திறந்திருந்தால் அது 30 மீற்றராக இருந்திருக்கும். அதைக் கண்ட தமக்கை, சிறியவனை வாரி அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ‘றிவேர்ஸில்’ சிறிது மேலே எடுத்து, கட்டைகளை அகற்றி, நாங்கள் புறப்பட்டபோது எவரும் அதிகம் பேசவில்லை.

அன்று தொட்டு அத்தான் காரை நிறுத்தும் ஒழுங்கு மாறிவிட்டது. பிறேக்கை மிதித்தபடி தண்டை ‘நியூற்றலுக்கு’ விடுகிறார், கைப்பிறேக்கை இழுக்கிறார், பிறேக்கிலிருந்து காலை மெல்லத் தளர்த்திக் காரின் பாரம் கைப்பிறேக்கிற் படிவதைப் பார்க்கிறார், மறுபடி மிதித்து, கடைசியாகவே ‘பார்க்’கிற்குத் தள்ளுகிறார். சரிவிற் கீழ்நோக்கி நிறுத்தினால் முன்சில்லுகளை வீதியோரக் கல்லை நோக்கித் திருப்பிவைக்கிறார். இதற்குச் செல்லும் நேரம் ஐந்து வினாடி. இவ்வாறு நிறுத்திய காரிற் கியர்த் தண்டு இறுகுவதே அரிது. காரின் பின்பெட்டியில் இரண்டு மரக்கட்டைகளும் ஒரு ஜோடி வயரும் இப்போது நிரந்தரமாக இருக்கின்றன.

வாசகர்களே, உங்கள் வீட்டுக் காரின் கைநூலை இன்று மாலை எடுத்துப் பாருங்கள். பூட்டு விடுவிக்கும் துவாரம் எங்கே, பிறேக் விளக்கின் பியூஸ் எது, கட்டியிழுக்கும் முறை யாது என்பவற்றை வீட்டிலுள்ள இளைஞர்களுக்கும் காட்டிவையுங்கள். ஆனால் துவாரத்தைக் காட்டுமுன் கைப்பிறேக்கையும் கட்டைகளையும் காட்டுங்கள். பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் மொழி. பூட்டைத் திறக்குமுன் பிடிக்கப் போவது எது என்று ஒருமுறை கேட்டுக்கொள்வதே பதறாமை.